கதிர் அயடீன் சிகிச்சைக்குப் பின் ரி.எஸ்.எச்., ரி4 இரண்டும் குறைவு: தைரொக்சின் தொடங்க வேண்டுமா?

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகத் தொழிற்படும் கிரேவ்ஸ் நோய்க்காகச் சில வருடங்கள் கார்பிமசோல் எடுத்துவந்தேன். குளிசை எடுக்கும்வரை நோய் அடங்கியிருப்பதும், நிறுத்திய சில மாதங்களில் நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் திரும்பி வருவதுமாக இருந்தபடியால், நிபுணரின் ஆலோசனைப்படி மகரகமவில், சுரப்பியின் கலங்களை அழிக்கும் கதிர் அயடீன் பெற்றுக்கொண்டேன். அதற்குப் பின் இப்போது ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகின்றன. கார்பிமசோலை அப்போதே நிறுத்திவிட்டார்கள்.

அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். 0.03 என்றும் (அறிக்கையில் உள்ள இயல்பு வீச்சு 0.4 முதல் 4.0 வரை), தைரொயிட்டுச் சுரப்பி சுரக்கும் ஓமோனின் அளவைக் காட்டும் பிரீ ரி4 0.5 என்றும் (இயல்பு வீச்சு 0.8 முதல் 1.8 வரை) வந்திருக்கின்றன. வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் மருத்துவர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது, ரி.எஸ்.எச். இவ்வளவு குறைவாக இருந்தால் சுரப்பி இன்னும் மிகையாகவே வேலை செய்கிறது என்று பொருள், ஆகவே கார்பிமசோலை மறுபடியும் தொடங்குங்கள் என்றார். கனடாவில் தாதியாகப் பணிபுரியும் என் மச்சாளோ, அதைத் தொடவே வேண்டாம், உங்களுக்குத் தைரொக்சின், அதாவது தைரொயிட்டு ஓமோன் குளிசை, அல்லவா தேவை என்கிறார். என் கிளினிக் திகதி அடுத்த மாதக் கடைசியில்தான்.

உடல்நிலையைச் சொல்வதானால், முன்பு மின்விசிறிக்குக் கீழேயே இருக்க விரும்பிய நான் இப்போது ஆசிரியர் அறையில் விசிறியை நிறுத்தச் சொல்கிறேன். மலச்சிக்கல், குரல் கரகரப்பு, காலையில் கண்ணிமை வீக்கம், இரவில் கெண்டைக்காலில் கடுமையான பிடிப்பு ஆகியன இருக்கின்றன. எடையும் கூடிக்கொண்டு போகிறது. இருவரில் யார் சொல்வது சரி? தைரொக்சின் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும் என்கிறார்களே, அப்படியானால் ஒரு நோயை விட்டு இன்னொரு நோய்க்குள் அல்லவா போயிருக்கிறேன்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


மருத்துவ அலுவலர் (உட்சுரப்பியல்) எழுதியது:

வணக்கம் சகோதரி. கொழும்பில் உட்சுரப்பியல் பிரிவொன்றில் பணியாற்றுகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் மருந்தின் அளவைச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் தந்திருக்கும் இரண்டு எண்களையும் உங்கள் உடல் சொல்லும் கதையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உங்கள் மச்சாள் சொல்வதன் பக்கமே நான் நிற்பேன்.

ரி.எஸ்.எச். என்பது தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து வருவதன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, இரத்தத்தில் தைரொயிட்டு ஓமோன் போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் கூட்டியும் கூடினால் குறைத்தும் அனுப்பும் தூண்டல் அது. வழமையான நோயாளி ஒருவரில் அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும் என்று எங்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். உங்கள் இரத்தத்தில் பல மாதங்களாக ஓமோன் மிகையாக இருந்திருக்கிறது. அவ்வளவு காலமும் ரி.எஸ்.எச்.ஐச் சுரக்கும் கலங்கள் அடக்கப்பட்டே இருந்தன. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர் எழுந்தவுடன் நடக்க இயலாதிருப்பதைப் போல, ஓமோன் குறைந்த பின்னரும் அக்கலங்கள் விழித்தெழுந்து சுரக்கச் சில வாரங்களோ சில மாதங்களோ எடுக்கும். அந்த இடைக்காலத்தில் ரி.எஸ்.எச். காட்டுவது உங்கள் பழைய நிலையையே. இன்றைய நிலையைக் காட்டுவது பிரீ ரி4. அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதனால்தான், சிகிச்சைக்குப் பிந்திய முதல் ஓரிரு மாதங்களுக்குள் பிரீ ரி4, மொத்த ரி3 (மற்றத் தைரொயிட்டு ஓமோன்), ரி.எஸ்.எச். மூன்றையும் பார்க்குமாறும், அதன் பின்னர் ஆறு மாதங்கள் வரை, அல்லது சுரப்பு குறைந்து தைரொக்சினில் நிலைபெறும் வரை, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்குமாறும் சொல்கிறது.

மொத்த ரி3 என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அறிக்கையில் அது இல்லை. கிரேவ்ஸ் நோயுள்ள சிலரில் ரி4 இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும்போதே ரி3 மட்டும் கூடியிருக்கும். அத்தகைய ஒருவர் உண்மையில் இன்னும் மிகைச் சுரப்பிலேயே இருக்கிறார். உங்கள் குளிர், மலச்சிக்கல், குரல் மாற்றம் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. ஆயினும் தைரொக்சின் தொடங்குமுன் அந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டால், உங்களுக்குக் கார்பிமசோல் எழுதியவரின் ஐயமும் தீர்ந்துவிடும். அதோடு, முடி உதிர்வுக்காகப் பயோட்டின் கலந்த குளிசை ஏதும் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். பல ஆய்வுகூடங்களில் பயன்படும் சோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு, ரி.எஸ்.எச்.ஐ உள்ளதைவிடக் குறைவாகவும் ரி4ஐக் கூடுதலாகவும் காட்டும். எடுப்பவராயின், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னரே அதை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த மாதக் கடைசிவரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு நேரில் சென்று, கதிர் அயடீன் எடுத்தவர் என்றும் ரி4 குறைந்துவிட்டது என்றும் சொல்லுங்கள். பெரும்பாலும் திகதியை முன்னே கொண்டுவருவார்கள். இந்த நிலையில் கார்பிமசோல் எடுத்தால் ஏற்கெனவே குறைந்துள்ள சுரப்பு மேலும் குறையும். உங்களைக் கவனிக்கும் நிபுணரைக் கேட்காமல் அதைத் தொடங்காதீர்கள். அளவுக்கு மீறிய உறக்கம், தடுமாற்றம், உடல் சில்லிட்டுப்போதல் ஆகியவை தோன்றினால் கிளினிக் நாளைப் பார்க்காமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அது அரிது, ஆனால் ஆபத்தானது.

கெண்டைக்கால் பிடிப்பைப் பற்றி நீங்கள் எழுதியது முக்கியம். ஓமோன் அளவு உயரத்திலிருந்து விரைவாகக் கீழே இறங்கும்போது தசைகள் அதை உடனே உணர்கின்றன. மெதுவாக வரும் சுரப்புக் குறைவைவிடச் சிகிச்சைக்குப் பின் திடீரென வரும் குறைவில் இப்பிடிப்பு கடுமையாக இருக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று நினைத்துக் கல்சியக் குளிசையோடு பலர் மாதக்கணக்கில் காலம் கடத்துகிறார்கள். அதே காலத்தில் கொலஸ்திரோலும் ஏறியிருக்கும். அதைக் கண்டு பதறி உடனே ஸ்டற்றின் தொடங்க வேண்டியதில்லை. முதலில் தைரொக்சின் நிலைபெறட்டும்.

இனி, ஒரு நோயை விட்டு இன்னொன்றுக்குள் வந்துவிட்டேனா என்ற உங்கள் கேள்வி. கிரேவ்ஸ் நோய்க்குக் கதிர் அயடீன் கொடுக்கும்போது, வழமையாகக் கொடுக்கப்படும் 10 முதல் 15 மில்லிகியூரி அளவில், சுரப்பு குறைவடைவதே நாங்கள் எதிர்பார்க்கும் பலன். அயடீன் 131இன் அரை ஆயுள் எட்டு நாட்கள். அது வெளியிடும் பீற்றாக் கதிர்கள் இழையத்துக்குள் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் செல்வதில்லை. ஆனால் கதிர்ப்பட்ட கலங்கள் ஒரே நாளில் அழிவதில்லை, வாரங்களாகவும் மாதங்களாகவும் தேய்ந்து போகின்றன. அதனால்தான் பெரும்பாலானோரில் இரண்டாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில் சுரப்புக் குறைவு வெளிப்படுகிறது. சுரப்பை மிகச் சரியாக நடுவில் நிறுத்தும் கதிர் அளவு ஒன்றைக் கணித்துக் கொடுக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். சிலர் மீண்டும் மிகைச் சுரப்புக்குப் போனார்கள், ஏனையோரில் பலர் சில ஆண்டுகள் தள்ளிக் குறைச் சுரப்புக்கு வந்தார்கள். கட்டுப்பாடற்ற மிகைச் சுரப்பு இதயத்தின் சந்தத்தைக் குலைக்கும், எலும்பைத் தேய்க்கும். தைரொக்சினோ, உங்கள் சுரப்பி இவ்வளவு காலமும் செய்துவந்த அதே மூலக்கூறு. உடலின் இழையங்கள் அதைத் தேவைக்கேற்ப ரி3ஆக மாற்றிக்கொள்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

வாழ்நாள் முழுவதும் குளிசையா என்று மலைப்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு. 1891இல் ஜோர்ஜ் மறே என்ற ஆங்கிலேய மருத்துவர், சுரப்பி செயலிழந்த பெண்ணொருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அதற்கு முன் அந்நோய்க்கு மருந்தே இருந்ததில்லை. அந்தப் பெண் அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, எழுபத்து நான்காவது வயதில்தான் இறந்தார். அன்றைய மருந்தின் வலிமை ஆட்டுக்கு ஆடு வேறுபட்டது. இன்று மைக்கிரோகிராம் கணக்கில் அளந்து கிடைக்கிறது.

தைரொக்சினின் முழு அளவு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்கிரோகிராம் என்று கணிக்கப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 100 மைக்கிரோகிராமுக்கு அண்மையாக வரும். ஆனால் கதிர் அயடீனுக்குப் பின் முதல் மாதங்களில் சுரப்பியில் எஞ்சியிருக்கும் பகுதி இன்னும் சிறிது சுரந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், சற்றுக் குறைவாகத் தொடங்கிக் கூட்டிச் செல்வதும் உண்டு. அதை உங்கள் நிபுணர் தீர்மானிப்பார்.


கொட்டாஞ்சேனை லீலா எழுதியது:

தங்கச்சி, டொக்டர் விளக்கியதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. நான் கதிர் அயடீன் எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்று முதல் தைரொக்சின் எடுத்துவருகிறேன். குளிசையை எழுதிக் கொடுக்கும்போது "வெறும் வயிற்றில்" என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிடுகிறார்கள். நம்முடைய வீடுகளில் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நம்மில் பலருக்குக் காலையில் கண் விழித்ததும் பால்மா கரைத்த தேநீர் வேண்டும். அதை ஓர் உணவாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை, தேத்தண்ணி மட்டும்தான்" என்போம். பாலிலுள்ள கல்சியம் குளிசை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கோப்பியும் அப்படியே. வெறும் தண்ணீரோடு குளிசையை விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்தே தேநீரோ இடியப்பமோ. பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் அது இயலாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலங்களுக்குப் பின் படுக்கப்போகும்போது எடுக்கலாம் என்று என் கிளினிக்கில் அனுமதித்தார்கள். நான் அதற்கே மாறினேன், ஏனெனில் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் யாராலும் தேநீரில்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாது. எந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தாலும் அதையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டிருந்தால், அடுத்த பரிசோதனை எண் எதைச் சொல்கிறது என்று மருத்துவருக்கே விளங்காது.

கல்சியக் குளிசைக்கும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். வயிற்றெரிவுக்குத் தினமும் ஒமெப்பிரசோல் எடுப்பவர்கள் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் வயிற்றில் அமிலம் குறைந்தால் தைரொக்சின் தேவை கூடலாம். சோயா மீற்றை அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. மத்தியானச் சோற்றோடு சாப்பிடுங்கள், குளிசைக்கு அருகில் வேண்டாம், அவ்வளவுதான். இதைச் சாதாரணமாகவே சொல்லியிருக்கலாம், ஆனால் என் உறவினர்களில் பாதிப்பேர் எனக்குக் கோவா, முள்ளங்கி, கடல் மீன், அயடீன் உப்பு எல்லாவற்றையும் தடைசெய்யத் துடித்தார்கள். நம் நாட்டில் கடைகளில் விற்கும் உப்பில் அயடீன் சேர்க்கப்படுவது கண்டக்கழலையைத் தடுக்கத்தான். சுரப்பி ஏறக்குறைய அழிந்துவிட்ட என்னைப் போன்றவர்களை அது பாதிக்கப் போவதில்லை என்று என் மருத்துவர் தெளிவாகவே சொன்னார். அயடீனை எடுத்து ஓமோனாக்கும் சுரப்பியே இல்லாதபோது அயடீனைத் தவிர்த்து என்ன பயன்? அதே காரணத்தால், கடற்பாசித் தூள் எடுத்தால் சுரப்பி மீண்டும் வேலை செய்யும் என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கொழும்பின் வெக்கையும் ஈரப்பதனும் இந்தக் குளிசைக்கு எதிரிகள். குசினி அலுமாரியிலும் குளியலறையிலும் வைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. போத்தலில் வருவதானால் உள்ளேயிருக்கும் சிறிய ஈரமுறிஞ்சிப் பையை எறியாமல், மூடியை இறுக மூடி, வந்த போத்தலிலேயே வைத்திருங்கள். பாமசியில் வேறு நிறுவனத்தின் குளிசையை மாற்றித் தந்தால் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சில வேளைகளில் வேறு வழியிருக்காது. ஆனால் மாறிய திகதியைக் குறித்து வைத்து, ஆறு வாரங்களின் பின் ரி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும் என்பதால், ஒரு நாள் தவறுவது பெரிதாகத் தெரியாது. அதே காரணத்தால்தான், தொடங்கிய மூன்றாம் நாளே உற்சாகம் வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு முதலில் மாறியது மலச்சிக்கல்; குரல் மிகவும் பிந்தியே தெளிந்தது. எடையைப் பற்றிக் கேட்டீர்கள். மிகைச் சுரப்புக் காலத்தில் நீங்கள் இழந்த எடை திரும்புவதும் இதில் அடங்கும். அதையும் தைரொக்சின் கரைத்துவிடும் என்று எண்ணிக் குளிசையைத் தானாகக் கூட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்; நெஞ்சுப் படபடப்போடு மீண்டும் கிளினிக் வரிசைக்கே வந்து சேர்ந்தார்.


பம்பலப்பிட்டி வாசகர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் அனைவரும் கிரேவ்ஸ் நோயை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். என் தந்தையின் நிலை வேறு. இதே திரியை வாசிக்கக்கூடிய முதியவர்களின் பிள்ளைகளுக்காக அதைச் சேர்க்கிறேன்.

அப்பாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவருக்கு இருந்தது கிரேவ்ஸ் அல்ல, கழலையிலுள்ள ஒரு முடிச்சு தன்னிச்சையாக ஓமோனைச் சுரந்துகொண்டிருந்தது. அத்தகைய முடிச்சு மிகையாகச் சுரக்கும்போது சுரப்பியின் ஏனைய பகுதி தூண்டலின்றி உறங்கிக் கிடப்பதால், கதிர் அயடீனைப் பெரும்பாலும் முடிச்சே உள்ளிழுத்துக்கொள்கிறது என்றும், அதனால் கிரேவ்ஸ் நோயாளிகளைவிட இவர்களில் குறைவானோருக்கே தைரொக்சின் தேவைப்படுகிறது என்றும் எங்களுக்கு விளக்கினார்கள். ஓராண்டு வரையில் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. அதனால் பரிசோதனையே வேண்டாம் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். பின்னர் நடை தளர்ந்து, பேச்சு மெதுவாகி, எப்போதும் உறங்கிக்கொண்டிருந்தபோது, வயது போய்விட்டது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சுரப்புக் குறைவு பல ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், நலமாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரி.எஸ்.எச். பார்க்க வேண்டுமாம். வயதின் தளர்ச்சியும் இந்த நோயின் தளர்ச்சியும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரத்தம்தான் பிரித்துக் காட்டுகிறது.

அவருக்கு முன்னரே இதய நோய் இருந்ததால் முழு அளவில் தொடங்கவில்லை. 50 மைக்கிரோகிராம் குளிசையைப் பாதியாக உடைத்து 25 மைக்கிரோகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஓமோன் திடீரென ஏறினால் இதயத்தின் ஒட்சிசன் தேவையும் ஏறும், அடைப்புள்ள நாடிகளால் அதை ஈடுசெய்ய முடியாது, நெஞ்சுவலி வரும் என்றார்கள். ஆகவே மேலேயுள்ள 1.6 என்ற கணக்கைப் பார்த்துவிட்டு, இதய நோயுள்ள பெற்றோருக்கு வீட்டில் யாரும் பெருக்கிப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.


வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையோடு கிளினிக்குக்குச் சென்றேன். சற்றுக் காத்திருக்கச் சொல்லி அன்றே நிபுணர் பார்த்தார். ரி3ஐயும் செய்வித்தார்கள், அதுவும் குறைவாகவே வந்தது. பயோட்டின் நான் எடுப்பதில்லை. தைரொக்சின் 75 மைக்கிரோகிராமில் தொடங்கி, ஆறு வாரங்களின் பின் ரி.எஸ்.எச்., பிரீ ரி4 இரண்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். என் கண்களையும் கவனமாகப் பார்த்தார்கள்.

லீலா அக்கா, தேநீரைப் பற்றி நீங்கள் எழுதியது என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. டொக்டரிடம் ஒரு கேள்வி: குளிசையை வாழ்நாள் முழுவதும் என்று சொல்லாமல், "பார்ப்போம், சிலருக்குச் சுரப்பி மீளும்" என்று நிபுணர் சொன்னார். நம்பிக்கை வைக்கலாமா? கண்களை ஏன் பார்த்தார்கள் என்பதையும் கேட்க மறந்துவிட்டேன்.


மருத்துவ அலுவலர் (உட்சுரப்பியல்) எழுதியது:

நல்ல செய்தி. முதல் ஆறு மாதங்களுக்குள் வரும் சுரப்புக் குறைவு சிலரில் தற்காலிகமானதாக இருப்பது உண்மைதான். கதிரினால் அதிர்ச்சியுற்ற, ஆனால் இறக்காத கலங்கள் மீண்டும் இயங்கத் தொடங்குவதால் அது நேர்கிறது. மிகச் சிலரில் பழைய மிகைச் சுரப்பே திரும்பிவிடும். தைரொக்சின் எடுத்துக்கொண்டிருக்கும்போது படபடப்பு, வியர்வை, எடை குறைதல் தோன்றினால், மருந்து கூடிவிட்டது என்று மட்டும் எண்ணாமல் இதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் கிரேவ்ஸ் நோயில் பெரும்பான்மையானோர் நிரந்தரமாகவே தைரொக்சினில் இருப்பார்கள். மீளும் என்று காத்திருப்பதைவிட, தேவையான அளவை விரைவாகக் கண்டுபிடித்து இயல்பாக வாழ்வதிலேயே உங்கள் கவனம் இருக்கட்டும்.

ஆறு வாரப் பரிசோதனையில் ரி4 இயல்புக்கு வந்து, ரி.எஸ்.எச். இன்னும் குறைவாகவே இருக்கக்கூடும். அப்போது குளிசையின் அளவை அவசரப்பட்டுக் குறைத்துவிடக் கூடாது. முன்னர் சொன்ன அதே தாமதம்தான். ரி.எஸ்.எச். ஒருமுறை உயர்ந்து காட்டிய பின்னரே அதை நம்பி அளவைத் திருத்தத் தொடங்குவோம். இரத்தம் கொடுக்கும் நாளில் குளிசையை இரத்தம் எடுத்த பின் விழுங்குங்கள், ஏனெனில் விழுங்கிய சில மணித்தியாலங்களுக்குப் பிரீ ரி4 சற்று உயர்ந்து காட்டும்.

கண்களைப் பார்த்ததற்குக் காரணம், கிரேவ்ஸ் நோயில் கண் குழியிலுள்ள தசைகளும் கொழுப்பும் வீங்கக்கூடும் என்பதும், கதிர் அயடீன் அதைச் சிலரில் கிளறிவிடும் என்பதுமாகும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிகிச்சைக்குப் பின் சுரப்புக் குறைவைக் கவனிக்காமல் விடுவதும் கண்ணை மோசமாக்கும் காரணங்களுள் ஒன்று, அடுத்த மாதக் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை என நான் முன்னர் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். கண் உறுத்தல், இரட்டைப் பார்வை, நிறங்கள் மங்குதல் ஏதாவது தோன்றினால் உடனே காட்டுங்கள்.


தெமட்டகொடை ஸஹீனா எழுதியது:

அனைவருக்கும் ஸலாம். இந்தத் திரி எனக்காகவே தொடங்கப்பட்டது போலிருக்கிறது. எனக்கு வயது 31. கதிர் அயடீன் எடுத்து ஓராண்டுக்கு மேலாகிறது. தைரொக்சின் 100 மைக்கிரோகிராமில் நிலையாக இருக்கிறேன். இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். நோன்பு காலத்தில் குளிசையை எப்போது எடுப்பது? ஸஹருக்கு முன் அரை மணித்தியாலம் எழும்புவது எல்லா நாளும் கைகூடுவதில்லை. மற்றையது, நானும் கணவரும் குழந்தைக்கு முயல நினைக்கிறோம். கதிர் எடுத்த உடம்பு என்று மாமியார் கவலைப்படுகிறார்.


மருத்துவ அலுவலர் (உட்சுரப்பியல்) எழுதியது:

சகோதரி, நோன்பு காலத்தில் இரண்டு வழிகள் உண்டு: ஸஹர் உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னர், அல்லது தராவீஹ் முடிந்து, இப்தாருக்குப் பின் மூன்று மணித்தியாலங்கள் எதுவும் உண்ணாமல் இருந்து, படுக்கும்போது. இரவில் நண்பர்கள் உறவினர்களோடு தொடர்ந்து ஏதாவது உண்ணும் வழக்கம் இருந்தால் இரண்டாவது வழி பெயரளவில்தான் இருக்கும்; உங்கள் வீட்டு நடைமுறைக்கு எது உண்மையில் பொருந்தும் என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள். நோன்பு முடிவில் ரி.எஸ்.எச். சற்று உயர்ந்திருப்பது பலரில் காணப்படுவதுதான். குழந்தைக்கு முயல்பவர் என்பதால் பெருநாளுக்குப் பின் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கதிர் அயடீனுக்குப் பின் ஆறு மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது என்பதே வழமையான அறிவுரை; நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். அந்தக் கதிர் இப்போது உங்கள் உடலில் இல்லை என்று மாமியாருக்கு உறுதியாகச் சொல்லலாம். எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு விடயங்கள். கருத்தரித்தவுடன், முதல் வாரங்களிலேயே, தைரொக்சின் தேவை ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உயரும். முதல் மூன்று மாதங்களில் கரு முற்றாகத் தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது. ஆகவே மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதனை உறுதியானதும், கர்ப்பவதிக் கிளினிக்கின் முதல் நாள் வரை காத்திருக்காமல், உங்கள் மருத்துவரோடு தொடர்புகொண்டு அளவைக் கூட்ட வேண்டும். அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே அவரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி வைத்திருங்கள். கர்ப்பவதிகளுக்குக் கொடுக்கும் இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கும் தைரொக்சினுக்கும் இடையிலான நான்கு மணித்தியாலத்தை அந்தக் காலத்தில் விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

மற்றையது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கிரேவ்ஸ் நோய்க்குக் காரணமான பிறபொருளெதிரி, சுரப்பியை அழித்த பின்னரும் இரத்தத்தில் இருக்கும். கதிர் அயடீனுக்குப் பின் அது சில மாதங்கள் உயர்ந்து, பின்னர் மெதுவாகவே குறைகிறது. உங்களிடம் தூண்டுவதற்குச் சுரப்பி இல்லாததால் நீங்கள் அதை உணரமாட்டீர்கள், ஆனால் அது நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சுரப்பியைத் தூண்டலாம். மகப்பேற்று நிபுணரிடம் "தைரொக்சின் எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னால், அவர் சாதாரணக் குறைச் சுரப்பு என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. கிரேவ்ஸ் நோய்க்குக் கதிர் அயடீன் எடுத்தவர் என்று முழுமையாகச் சொல்லி, ரி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரியைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பார்க்குமாறு கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் பின்னர் மீண்டும் பார்ப்பார்கள், குழந்தையின் இதயத்துடிப்பையும் வளர்ச்சியையும் ஸ்கானில் கவனிப்பார்கள், பிறந்த பின் குழந்தையின் இரத்தத்தையும் பரிசோதிப்பார்கள்.